முதல் தடவை ரிவால்வர் சுடுகிறீர்களா? எதைக் கேட்டு வாங்குவது

பினாங்கிலிருந்து புக்கெட்டுக்குக் கிளம்பும் கூட்டத்தில் கடல், படகு, இரவுச் சந்தை எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "அங்கே துப்பாக்கி சுடுற இடம் இருக்காமே, போய்ப் பார்ப்போமா?" போனால் கவுண்டரில் ஒரு படப் பட்டியலை நீட்டுவார்கள். .22, .38, .357, .44 என்று தோட்டா அளவைச் சொல்லும் எண்கள் இருக்கும். காசு தோட்டாக் கணக்கில். படத்தில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். போன முறை என் தங்கை மகன் பட்டியலின் கடைசி வரிசையில் விரலை வைத்து, "மாமா, வந்ததே வந்தோம், பெரிசையே சுடுவோம்" என்றான். பெரும்பாலானவர்கள் விரலும் அங்கேதான் போகிறது. அந்த விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தப் பார்க்கிறேன்.

நம் ஊரில் இதை முன்கூட்டியே பழகிப் பார்க்க வழி குறைவு. ஆயர் ஈத்தாம் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவர்கூட ரிவால்வரைப் பார்த்திருப்பது யாரோ ஒரு காவலாளியின் இடுப்பில்தான். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே குற்றம். 1971இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் இன்னும் கடுமையானது. சுடும் சங்கங்களில் சேர்ந்து முறைப்படி பழகலாம்தான், ஆனால் அது ஒரு மத்தியானம் போய்விட்டு வருகிற சமாசாரம் இல்லை. ஆகவே கவுண்டரில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். துப்பாக்கியின் உதையைத் தோட்டாவின் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. குண்டும் வெடிமருந்து வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னால் போகின்றனவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். துப்பாக்கி கனமாக இருந்தால் மெதுவாக வரும், லேசாக இருந்தால் வேகமாக வரும். பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆனால் கவுண்டரில் நிற்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது. "சின்னத் துப்பாக்கி கொடுங்க, சின்ன உதையா இருக்கும்" என்று கேட்பார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். .38 ஸ்பெஷல் தோட்டாவின் வழக்கமான குண்டு 158 கிரெய்ன், அதாவது சுமார் 10 கிராம். 4 அங்குலக் குழலிலிருந்து வினாடிக்கு 235 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்வோம். இதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 என்ற முழு அளவு ரிவால்வரில் போட்டுச் சுட்டால், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அந்த இரும்பு வினாடிக்கு 3 மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் கையை நோக்கி வரும். அதே தோட்டாவைச் சட்டைப்பைக்குள் அடங்கும் அலுமினிய உடல் துப்பாக்கியில் போடுங்கள். அதன் எடை 425 கிராம் அளவில்தான். குழல் குட்டை என்பதால் குண்டின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் துப்பாக்கி பின்னால் வரும் வேகம் 6 மீட்டரை நெருங்குகிறது. இப்போது எல்லோரும் ஆசைப்படும் .44 மேக்னத்துக்கு வருவோம் (மேக்னம் என்றால் பலம் கூடிய தோட்டா). 240 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு சுமார் 390 மீட்டர், துப்பாக்கியின் எடை 1.35 கிலோ. அதுவும் கிட்டத்தட்ட 6 மீட்டர் வேகத்தில்தான் பின்னால் வருகிறது.

மொத்த ஆற்றலில் .44 மூன்று மடங்கு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளங்கைக்குத் தெரிவது வேறு. .44 கையையும் தோளையும் சேர்த்துத் தூக்கிவிடும். அந்தக் குட்டித் துப்பாக்கியோ கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைச் சுரீரென்று கடிக்கும். இரண்டு சிலிண்டர் (தோட்டாக்களைப் போடும் சுழல் உருளை) முடிவதற்குள் கை சிவந்துவிடும். கைப்பிடி சிறிதாக இருப்பதால் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இருக்காது. "லேடீஸ் கன்" என்று சொல்லி இதைப் பெண்களிடம் நீட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் புதிதாகச் சுட வருபவருக்குச் செய்யக்கூடிய மோசமான காரியம் அதுதான். நன்றாகப் பழகியவர்களே மூக்கைச் சுளித்துக்கொண்டு சுடும் துப்பாக்கி அது. மறைத்து வைத்துக்கொள்ளச் செய்த சாமான், உட்கார்ந்து ரசித்துச் சுடச் செய்ததல்ல.

சரி, மாடல் 10 எப்படி இருக்கும்? இதன் வம்சம் 1899இல் தொடங்கியது. உலகம் முழுக்க எத்தனையோ நாட்டுப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல பத்தாண்டுகள் தொங்கியிருக்கிறது. பார்க்க ஒன்றும் கவர்ச்சியாக இருக்காது. ஆனால் ட்ரிகரை இழுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஹேமரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தியை, கையால் பின்னால் இழுக்காமல் நேராக ட்ரிகரை அழுத்தினால் ஐந்து கிலோ அளவுக்கு விரல் உழைக்க வேண்டும். அந்த ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழலும், ஹேமர் எழும், அடுத்த தோட்டா நேராக வந்து நிற்கும், அப்புறம் ஹேமர் விழும். இவை ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரியும். ஹேமரை முதலிலேயே கட்டைவிரலால் இழுத்து வைத்துவிட்டால் ஒன்றரை கிலோ போதும். வெடித்தது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் செய்து பார்க்க வேண்டும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் கிடைக்காத அனுபவம் இது.

உதை? கை லேசாக மேலே எழும், உடனே இறங்கிவிடும். சத்தம்? காதுமூடி போட்டுக்கொண்டு கேட்டால், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் தேரின் முன்னால் தேங்காய் உடைபடும் சத்தம்தான். மொத்தமாக, வறட்சியாக, சட்டென்று முடிந்துவிடும். காதுமூடி இல்லாமல் கேட்டுப் பார்க்கவே கூடாது, அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன்.

.38இல் வாட்கட்டர் என்று ஒரு தோட்டா உண்டு. குண்டின் முனை கூராக இல்லாமல் தட்டையாக வெட்டியதுபோல இருக்கும். காகித இலக்கில் அழகாக வட்ட வட்டமாய் ஓட்டை போடும். வெடிமருந்தும் குறைவு. சுடுதளத்தில் இது இருந்தால் அதையே கேளுங்கள். முதல் சிலிண்டருக்கு இதைவிட நல்லது கிடையாது.

அடுத்தது .357 மேக்னம். 1935இல் வந்தது. இதன் குண்டும் .38இன் குண்டும் ஒரே குறுக்களவுதான், வெடிமருந்தை அடைத்திருக்கும் பித்தளைக் கூடு மட்டும் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீளம். பழைய .38 துப்பாக்கியில் மேக்னம் தோட்டா போய் அடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி நீட்டினார்கள். ஆனால் .357 துப்பாக்கியில் .38 தோட்டா தாராளமாகப் போகும். என் சிபாரிசு முழுக்க இந்த ஒரு விவரத்தின் மேல்தான் நிற்கிறது: ஒரே துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இரண்டு விதத் தோட்டாவையும் வாங்கலாம். துப்பாக்கி அதேதான், பிடி அதேதான், மாறுவது தோட்டா மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

ரூகர் ஜிபி 100 போன்ற 1.1 கிலோ துப்பாக்கியில் .38 போட்டால் வினாடிக்கு இரண்டரை மீட்டருக்கும் குறைவாகத்தான் பின்னால் வரும். குழந்தை விளையாட்டு. ஏழாவது தோட்டாவாக மேக்னம் போட்டால் அது நாலரை மீட்டர் ஆகும், ஆற்றல் மூன்று மடங்கைத் தாண்டும். கை எழும் உயரத்தைவிட, அது எழும் அவசரம்தான் முதலில் உறைக்கும். அறை நடுவே ஒரு வெளிச்சம் தெறிக்கும். முகத்தில் காற்று வந்து அடிக்கும். பக்கத்துத் தடத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.25 வரை இருக்கும். வெடித்ததும் சூடான வாயுவும் துகள்களும் அந்த இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் பீறிடும். அதனால்தான் முன்புறம் மட்டுமல்லாமல் பக்கத்தில் நிற்பவர் காதிலும் அறைகிறது. கூட வந்தவர்களைத் துப்பாக்கிக்கு நேர் பக்கத்தில் நிற்க விடாதீர்கள், பின்னால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இடது கைக் கட்டைவிரலைக் குழல் பக்கம் நீட்டிப் பிடிக்கும் பழக்கம் தானியங்கி சுடுபவர்களிடம் உண்டு. ரிவால்வரில் அப்படிப் பிடித்தால் அந்த இடுக்கு விரலைப் பதம் பார்த்துவிடும். சுட்டு முடித்துப் பார்த்தால் சிலிண்டர் முகப்பிலும் ஆள்காட்டி விரலிலும் கரி படிந்திருக்கும். அந்த வாயு வந்த வழி அது.

சத்தத்தை அளவு வைத்துப் பேசினால், திடீர் ஓசைக்கு 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டினாலே காது நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு. கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் 150ஐத் தாண்டுபவை. .357 மேக்னம் 160க்கும் மேலே போகும். டெசிபல் கணக்கில் 20 கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்கு என்பதை நினைவில் வையுங்கள், வெறும் 20 என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால் சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைக்குள் உண்டாகும் அழுத்தத்திலிருந்து. .38 ஸ்பெஷலுக்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. .357க்கு 35,000, .44க்கு 36,000. அழுத்தம் இறங்கி முடிவதற்குள் குண்டு குட்டைக் குழலை விட்டு வெளியேறிவிடும், மிச்சம் எல்லாம் சத்தமாகவும் நெருப்பாகவும் வெளியே கொட்டும். 2 அங்குலக் குழலில் .357 சுட்டால் சத்தமும் வெளிச்சமும்தான் கிடைக்கும். காசுக்குக் கேடு.

குண்டின் வேகமும் கொஞ்சம் விளையாடுகிறது. நம்மூர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி வினாடிக்கு சுமார் 349 மீட்டர் போகும். .38 அதைத் தொடுவதில்லை. .357உம் .44உம் தாண்டிவிடும், அதனால் குண்டே ஒரு கூர்மையான வெடிப்பொலியை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் சுடுபவருக்கு அது தனியாகக் கேட்காது, குழல்வாய்ச் சத்தமே அதை விழுங்கிவிடும். கூரையும் கான்கிரீட் சுவரும் உள்ள உள்ளரங்கத்தில் கேட்கவே வேண்டாம். எல்லாம் எதிரொலித்து ஒரே முழக்கமாகத்தான் வரும். சத்தத்தின் வித்தியாசத்தை ரசிக்க வேண்டுமென்றால் திறந்தவெளிச் சுடுதளத்தைத் தேடிப் போங்கள். உள்ளரங்கத்தில் .38 ஒருவருக்கு, .357 இன்னொருவருக்கு என்று பக்கத்துப் பக்கத்தில் நின்றால் .38காரருக்குத் தன் சத்தமே கேட்காது.

காதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பஞ்சு போன்ற காதடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே விட்டால்தான் அது வேலை செய்யும். சும்மா வாசலில் செருகி வைப்பதில் பயனில்லை. அதற்கு மேல் காதுமூடியும் போட வேண்டும், மேக்னத்துக்கு இரண்டும் கட்டாயம். மூக்குக்கண்ணாடியின் கம்பி தடிமனாக இருந்தால் காதுமூடியின் மெத்தை விலகி அந்த வழியாகச் சத்தம் கசியும். ஜிமிக்கி போட்டுக்கொண்டு வரும் அக்காமார்கள் காரிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. அப்புறம் கழுத்து இறக்கமான ரவிக்கை, டி-சர்ட் வேண்டாம். ரிவால்வரில் வெற்றுக் கூடு வெளியே பறக்காது, ஆனால் பக்கத்துத் தடத்தில் தானியங்கி சுடுபவரின் சூடான கூடு பறந்து வந்து நேராகக் கழுத்துக்குள் விழும்.

.44 மேக்னத்துக்கு வருகிறேன். 1955இல் வந்த தோட்டா. சினிமாவால் புகழ் பெற்றது. ஒரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. உதை பெரியது, ஆனால் கனமான துப்பாக்கியில் அது அறைவதைவிடத் தள்ளுவதாகவே இருக்கும். குழல் நெற்றி உயரத்துக்கு எழுந்து நிற்கும். பிரச்சினை உதையில் இல்லை, அடுத்த தோட்டாவில் இருக்கிறது. முதல் வெடியில் உடம்பு பயந்துவிடும். இரண்டாவது தடவை ட்ரிகரை இழுக்கும் முன்பே மணிக்கட்டு குழலைக் கீழே அழுத்தும், கண் மூடிக்கொள்ளும், குண்டு தரையைப் போய்த் தொடும். அந்தப் பயம் அப்புறம் .38க்கு இறங்கினாலும் போகாது. .44இல் ஆரம்பித்து அன்று முழுக்க இலக்கைத் தொடாமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அதைக் கடைசியில் வையுங்கள். சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடச் சொல்லுங்கள், அதிர்ச்சியில் விரல் தானாக மறுபடி அழுத்தினாலும் வெடிக்க ஒன்றும் இருக்காது. பழைய மரக் கைப்பிடி உள்ள துப்பாக்கி என்றால் ட்ரிகர் வளையம் நடுவிரல் முட்டியில் இடிக்கும். ரப்பர் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அதன் வித்தியாசம் தோட்டாவை ஒரு படி இறக்கியதுபோலத் தெரியும்.

சில இடங்களில் கௌபாய் துப்பாக்கி என்று 1873ஆம் ஆண்டு வடிவமைப்பில் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் வைத்திருப்பார்கள். .45 கோல்ட் தோட்டாவின் குண்டு 16 கிராம், கணக்குப்படி உதை .357க்குப் பெரிய வித்தியாசமில்லாமல் வருகிறது. கைக்கோ அப்படித் தெரிவதே இல்லை. அறை அழுத்தம் 14,000 பவுண்டைத் தாண்டாது, கைப்பிடியும் வளைந்து வழுவழுப்பாக இருப்பதால் துப்பாக்கி உள்ளங்கைக்குள்ளேயே மேலே உருண்டுவிடும். உருண்டு முடிக்கும்போது ஹேமர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், இழுத்துவிட்டு மறுபடி சுட வேண்டியதுதான். சத்தமும் கூர்மையில்லாமல் அடித்தொண்டையில் வரும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் ஒரு தோட்டா ஒரு தோட்டாவாகப் போட்டு எடுக்க வேண்டியிருப்பதால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

கியாப்பா ரைனோ என்ற இத்தாலியத் துப்பாக்கி கண்ணில் பட்டால் விடாதீர்கள். மற்ற ரிவால்வரில் சிலிண்டரின் மேல் அறையிலிருந்து வெடிக்கும், இதில் கீழ் அறையிலிருந்து. குழல் கையின் நேர்க்கோட்டுக்கு இறங்கிவிடுவதால் மேலே துள்ளாமல் நேராகப் பின்னால் வரும். பார்க்க அவலட்சணம். .357ஐ இவ்வளவு அடக்கமாகச் சுட வேறு வழி தெரியவில்லை.

.22 பற்றிச் சொல்ல அதிகமில்லை. உதையே கிடையாது. சத்தம் சின்னதாகத் தெரிந்தாலும் காதுமூடி வேண்டும். ஹேமரை முன்பே இழுத்து வைக்காமல் சுட்டால் ட்ரிகர் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருக்கும், விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டாவுக்குப் பலமான அடி தேவை. பத்துத் தோட்டா சிலிண்டர் என்றால் காசுக்கு நிறையச் சுடலாம். மணிக்கட்டு வலி உள்ளவர்கள், சத்தத்துக்கே உடல் நடுங்குபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆக, ஒரு கட்டுத் தோட்டாவுக்குத்தான் காசு என்றால், 4 அங்குலமோ 6 அங்குலமோ குழல் உள்ள முழு அளவு .357 துப்பாக்கியைக் கேளுங்கள். முக்கால்வாசி .38 தோட்டா, கால்வாசி .357. தங்கை மகனுக்கும் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மேக்னம் சுட்டு முடித்த பிறகு சிலிண்டரைத் திறந்து, கூடுகளை வெளியே தள்ளும் கம்பியை அழுத்தினான், கூடுகள் வெளியே வரவில்லை. அதிக அழுத்தத்தில் பித்தளைக் கூடு உப்பி அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். குழலை மேலே நிமிர்த்தி உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். .38இல் விரல் நுனியால் தள்ளினாலே உதிர்ந்த கூடுகள்தான். இந்த வித்தியாசத்தை அவன் வீடு வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான், சத்தத்தைப் பற்றிச் சொன்னதைவிட அதிகமாக.

சுட்டு முடித்ததும் சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத் துகள் கையில் இருக்கும். சட்டையையும் மாற்றிக்கொண்டு விமான நிலையம் போவது நல்லது. வெற்றுக் கூட்டை ஞாபகார்த்தமாகப் பைக்குள் போட வேண்டாம். இந்தப் பக்கம் இறங்கியதும் சுங்க அதிகாரியிடம் அது வெறும் கூடுதான் என்று விளக்கிக்கொண்டு நிற்க நேரிடும். ஓட்டை விழுந்த இலக்குக் காகிதத்தைச் சுருட்டிக் கொண்டுவாருங்கள், அதை யாரும் தடுக்க மாட்டார்கள்.